அச்சு அசல்

திரும்பி வரும் பார்சலை நான் சட்டென்று பிரிக்க மாட்டேன். முதலில் தராசில் வைத்து எடை பார்ப்பேன். பிறகு நாலு பக்கமும் படம் எடுப்பேன். ஒட்டிய நாடா எங்கள் நாடாதானா, மறுபடி ஒட்டியதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். "போஸ்ட்மார்ட்டம் ஆரம்பிச்சிட்டியா?" என்று என் கணவர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். ஒருமுறை ஒரு ஆசாமி எங்கள் பித்தளைச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டு ஏதோ தகரச் சக்கரங்களை மாட்டி, 'வண்டி ஒழுங்காக ஓடவில்லை' என்று திருப்பி அனுப்பினான். அப்போதும் இவர் "பாவம், அவரே ஏமாந்திருப்பார்" என்றுதான் சொன்னார். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இன்னொருவர் என்னைப் போல்தான் இருக்க வேண்டும்.

ஆலங்காயத்தில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பட்டறை. ரயில் பெட்டிகளைச் சின்ன அளவில் செய்து விற்கிறோம். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். மாதிரி என்று சொல்ல வேண்டும். செய்வது அவர் வேலை. பழைய படங்களையும் வரைபடங்களையும் தேடிப் பிடித்து எது சரி, எது தப்பு என்று சொல்வதும், வாங்கியவர்களின் வசவைக் கேட்டுக்கொள்வதும் என் வேலை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூர்க்காரர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நீலம் ஒரு பொட்டு தூக்கல் என்பார்கள். அந்தக் காலத்தில் அந்த எழுத்து அப்படி வளையாது என்பார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி நானும் அவர்களைப் போலவே ஆகிவிட்டேன்.

எங்கள் விளம்பரத்தில் ஒரே ஒரு வாசகம்தான். 'அச்சு அசல்'. அந்தப் பெட்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படி என்று அர்த்தம். பிற்பாடு யாரோ ஒட்டிய ஸ்டிக்கர், மாட்டிய சார்ஜர், மாற்றிய தாழ்ப்பாள் எதுவும் எங்கள் பெட்டியில் இருக்காது. சேகரிப்பவர்களுக்கு அதுதான் அசல்.

போன வருஷம் நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. எனக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது. அது மலை ஊர். அங்கே ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. பஸ்ஸே நினைத்தால்தான் வரும். சாமையும் புளியும் விளைகிற அந்த ஊரில் யாருக்கு ரயில் மாதிரி வேண்டும்? அதுவும் எங்களிடம் இருப்பதிலேயே பெரிய அளவு, ஒன்றரை முழம் நீளம், மேற்கூரையைக் கழற்றினால் உள்ளே படுக்கைப் பலகைகள், கழிப்பறை எல்லாம் தெரிவது. வாட்ஸாப்பில் வந்த செய்தி பிழையில்லாத தமிழில் இருந்தது. 'அசல் வண்டியில் இருப்பது போலவே எல்லாம் இருக்குமா?' என்று கேட்டிருந்தது. 'அச்சு அசல்' என்று பதில் போட்டேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, 'கலர் எதுவானாலும் பரவாயில்லை' என்று வந்தது.

கலர் எதுவானாலும் பரவாயில்லையாம். புடவைக் கடைக்கு வந்து ஒருத்தி இப்படிச் சொன்னால் கடைக்காரர் என்ன நினைப்பார்? நானும் அதைத்தான் நினைத்தேன். இது வாங்க வந்த ஆள் இல்லை என்று கணவரிடம் சொன்னேன். "உனக்கு யாரைப் பாத்தாலும் இதே நெனப்பு" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியைத் தயார் பண்ணினார். நான் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பி வைத்தேன்.

பத்து நாள் கழித்து அதே எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. எழுதிய ஆள் வேறு, பேசிய ஆள் வேறு என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. வயதான ஆண் குரல்.

"இன்னாம்மா வண்டி அனுப்பிகீறீங்க? ஏறுற எடத்துல படியே இல்லீங்க."

என் படத்தில் படி இருக்கிறது. படத்தை அனுப்பினேன், பதில் இல்லை. சரி, தொலையட்டும் என்று புதுப் படி ஒன்று அனுப்பினேன். அடுத்த வாரம், கதவு தப்பாகத் திறக்கிறது என்றார். அதற்கும் வீடியோ எடுத்து, எப்படித் தள்ளினால் திறக்கும் என்று பொறுமையாக விளக்கினேன். என் பொறுமையைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அதற்கடுத்து பெட்டியே திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு குரல்: "அசலு மாதிரி இல்லீங்க. நீங்களே வெச்சிக்கங்க."

எடை பார்த்து, படம் எடுத்து, பிரித்தேன். படி உடைந்திருக்கவில்லை. குறடு வைத்துப் பிடுங்கியிருந்தது. குறட்டின் பல் பதிந்த தடம் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. கதவின் கீலும் அப்படித்தான், யாரோ வேண்டுமென்றே நெம்பி வளைத்திருந்தார்கள். நான் அனுப்பிய புதுப் படியைக் காணவே காணோம்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பெட்டியைப் போலவே ஒன்றை யாரோ மலிவாக விற்பதாக ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். அச்சு எடுப்பவர்கள் இப்படித்தான் உறுப்பு உறுப்பாகக் கழற்றுவார்கள். படியைக் கழற்றி அச்சு எடுத்தாயிற்று, கதவுக்கு முயற்சி பண்ணியாயிற்று, வேலை முடிந்ததும் பெட்டியை நம் தலையிலேயே கட்டுகிறார்கள். மலைமேல் முகவரி கொடுத்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

"நான் போய்ப் பாக்கறேன்" என்றேன்.

"ரிப்பேர் பண்ணி போஸ்ட்ல அனுப்பிடலாம்" என்றார் கணவர்.

"நீங்க ரிப்பேர் பண்ணுங்க. அனுப்பறத நான் பாத்துக்கறேன்."

மறுநாள் சரிசெய்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஜீப்பில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "அது இன்னாம்மா, சாமி செலயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மலையில் யார் யாருக்குச் சொந்தக்காரர்களோ, யாருக்குத் தெரியும்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் புளி கொட்டிக் காயப் போட்டிருந்தது. அச்சும் இல்லை, பட்டறையும் இல்லை. ஒட்டிய கன்னமும் நரைத்த மீசையுமாக ஒருவர் எழுந்து வந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் செத்துப்போய்விட்டது. அதே குரல்.

"சத்தமா பேசாதீங்கம்மா" என்றார். "திருப்பி அனுப்பிட்டனே, எதுக்கு எடுத்துக்னு வந்தீங்க?"

"அத நீங்கதான் சொல்லணும்" என்று பெட்டியைக் கயிற்றுக் கட்டிலில் வைத்தேன். கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தேன்.

அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். வாசல் நிலையில் கை வைத்து, நேராகக் கட்டிலை நோக்கி நடந்து வந்து, பெட்டியின் மூடியைத் தொட்டாள். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, கண்கள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்வை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கம்பெனியிலேர்ந்து வந்திருக்கீங்களா அக்கா? ரிப்பேருக்கு அனுப்பியிருக்குன்னு அப்பா சொல்லிச்சு. ஏன்க்கா ஒவ்வொரு வாட்டியும் தப்புத் தப்பா அனுப்புறீங்க?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? தப்பா? நானா? வாயைத் திறந்தேன். அவர் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவளே எல்லாம் சொன்னாள். கீழே விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. எங்களுக்கு ஆர்டர் எழுதியது அவள்தான். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். ஜோலார்பேட்டையில் ஏறினால் கோயம்புத்தூர் ஸ்டேஷனில் விடுதிக்கார அம்மா வந்து அழைத்துக்கொள்வார். நடுவில் அவள் தனியாகப் போக வேண்டும். அப்பா அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ரயில் பெட்டியில் ஏறுவதிலிருந்து இடம் பிடிப்பது, கழிப்பறைக்குப் போய்த் திரும்புவது வரை பிசகாமல் சொல்லிக் காட்டினால் அனுப்புவேன் என்று சொல்லியிருந்தார்.

"சொல்லிக் காட்டலாம்னு ஒக்காந்தா அப்பா படி இல்லன்னு சொல்லுது. அப்புறம் கதவு சரியில்லன்னு சொல்லுது. இந்த வண்டிய நம்பி எப்படிப் போவன்னு கேக்குது. நீங்க ஒழுங்கா செஞ்சிருந்தா நான் எப்பவோ கத்துக்னு இருப்பேன்."

"மாற்றுத்திறனாளிங்களுக்குத் தனிப் பெட்டி இருக்குமே" என்றேன்.

"எல்லாரும் ஏறுறதுலதான் நானும் ஏறுவேன்" என்றாள்.

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் நான் அவரைப் புளியமரத்தடிக்கு நகர்த்திக்கொண்டு போனேன்.

"குறடு எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இன்னா பண்ண சொல்றீங்க?" என்றார். "ஒருத்தன் கையப் புடிச்சா, எதுக்குப் புடிக்கிறான்னு நாம மூஞ்சிய பாத்து கண்டுக்குவோம். எம் பொண்ணுக்கு அது முடியுமா? நல்லவனும் வாம்மான்னுதான் சொல்லுவான், கெட்டவனும் வாம்மான்னுதான் சொல்லுவான். போவாதன்னு என் வாயால சொல்ல முடிலீங்க. அது அம்மா இல்லாம வளந்த பொண்ணு. அதான் வண்டி மேல பழிய போட்டேன்."

திட்டுவதற்காக மலையேறி வந்தவள் நான். திட்டு எதுவும் வரவில்லை. நான்கூட அந்த இடத்தில் இருந்தால் குறட்டைத்தான் எடுத்திருப்பேன் என்று தோன்றியது. அதே சமயம் அந்தப் பெண்ணை ஏமாற்றியதை மன்னிக்கவும் முடியவில்லை.

திரும்பி வந்தபோது அவள் கூரையைக் கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியின்மேல் விரல்களை வைத்திருந்தாள். "இப்ப எல்லாம் சரியா இருக்குதுப்பா. கேளு" என்றாள். இரண்டு விரல்களைக் கால்களாக்கிப் படியில் ஏறினாள். கதவைத் தள்ளினாள். கழிப்பறையைத் தாண்டி, எதிரெதிர்ப் பலகைகள் உள்ள தடுப்புகளை, அவற்றை அறை என்றாள், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "கூட்டமா இருந்து அந்தக் கடைசிக் கதவு வழியா ஏறினா, அந்தப் பக்கத்திலேர்ந்து எண்ணுவேன்" என்று அதையும் செய்து காட்டினாள். ஒரு தப்பு இல்லை.

"அக்கா, ஜோலார்பேட்டையில நிக்கிற வண்டி அப்படியே இதே மாதிரிதானே? அசல்தானே?"

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மனப்பாடம். வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. "அச்சு அசல்மா. தொழிற்சாலையிலேர்ந்து வெளிய வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ..."

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

நாங்கள் அனுப்பியது பழைய நீலப் பெட்டி. கோயம்புத்தூர் போகும் அந்த வண்டிக்கு நீலப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதுச் சிவப்புப் பெட்டிகள் மாட்டிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? சிவப்புப் பெட்டி நீளம் அதிகம். பழையதைவிட ஒரு அறை கூடுதல். கடைசிக் கதவு வழியாக ஏறி அவள் எண்ணினால் ஒரு அறை தள்ளி, யாரோ ஒருவருடைய இடத்தில் போய் உட்காருவாள். அபாயச் சங்கிலி இருக்கும் இடம் வேறு, கழிப்பறைத் தாழ்ப்பாள் வேறு. அவள் 'அசல்' என்று கேட்டது இன்றைக்கு ஓடுகிற வண்டியை. நான் 'அசல்' என்று சொன்னது அவள் பிறப்பதற்கு முன்னால் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வண்டியை. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை நாளாக ஆளுக்கொரு வண்டியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நிறம் எதுவானாலும் பரவாயில்லை என்று அவள் சொன்னபோது, எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் சந்தேகப்பட்டேனே தவிரக் கேட்கவில்லை.

சொன்னால் அப்பா ஜெயித்துவிடுவார். சொல்லாவிட்டால் இவள் தப்பான வண்டியை மனசில் வைத்துக்கொண்டு ஏறுவாள்.

"எந்த அன்னிக்குக்கா?" என்றாள் அவள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தபோது அதில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா? நான் சொன்னன்ல? வண்டியே தப்புன்னு படிச்சிப் படிச்சி சொன்னனா இல்லியா?"

பொய்யாகச் சொன்னது மெய்யாகிவிட்டதில் அந்த மனிதருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அந்தப் பெண் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல் மட்டும் பெட்டியின் கடைசிச் சுவரில் இருந்தது.

"ஒரு அறை கூடன்னு சொன்னீங்களே, இங்க வருமா?" என்றாள். "வேற எங்கெங்க மாறும்? ஒண்ணொண்ணா சொல்லுங்க. எனக்கு மண்டையில ஏறாம இல்ல."

"விடும்மா, அதான் தப்புன்னு தெரிஞ்சிபோச்சே" என்றார் அவர்.

"அக்கா சொல்ற தப்பு எங்க இருக்குன்னு வெரல வெச்சா தெரியுதுப்பா. நீ சொன்ன தப்பு எப்படி வந்துச்சுன்னுதான் எவ்ளோ தடவிப் பாத்தாலும் எனக்குப் புரியவே இல்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துதான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

கணவருக்குப் போன் போட்டேன். சிக்னல் கிடைக்கும் இடம் வாசலில் ஒரே ஒரு கல்லுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அங்கே நின்றுகொண்டு, சிவப்புப் பெட்டியின் படங்களைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நான் கத்திச் சொன்னேன். அவளிடம் கத்தரிக்கோல் வாங்கி, பெட்டியின் பின்சுவரைக் கழற்றி, பார்சல் அட்டையை வெட்டி மடித்து ஒரு அறையைச் சேர்த்து ஒட்டினேன். சங்கிலி இருந்த இடத்தைச் சுரண்டிவிட்டுப் புது இடத்தில் ஒரு புளியங்கொட்டையை ஒட்டினேன். எழுத்தின் வளைவுக்காக மாதக்கணக்கில் சண்டை போட்ட பெட்டி அது. எங்கள் வாடிக்கையாளர்கள் யாராவது பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்கள். அவள் முதலிலிருந்து ஏறினாள், கடைசியிலிருந்து ஏறினாள், மறுபடியும் ஏறினாள். ஜீப்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

"நீங்களே கேளுங்க, சரியா சொல்லுதா?" என்று அவள் அப்பாவிடம் கேட்டேன்.

"சொல்லுது" என்றார். வேறு வழியில்லாமல் வந்த வார்த்தை.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஜோலார்பேட்டைக்குப் போனேன். வாடிக்கையாளர் சேவை என்று கணவரிடம் சொன்னேன். உண்மையில் அவள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வருவாரா என்றே எனக்குச் சந்தேகம். வந்திருந்தார். பிளாட்பாரத்தில் அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் வேலி போட்ட மாதிரி நின்றுகொண்டு, டீ விற்கிறவரிலிருந்து கைக்குழந்தைக்காரி வரை எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி வந்தது. சிவப்புப் பெட்டி. கதவோரம் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள். அவள் கம்பியைப் பிடித்து, "கொஞ்சம் வழி வுடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு அவரும் பின்னாலேயே ஏறினார். நான் ஜன்னலுக்கு ஜன்னல் கூடவே நடந்தேன். அவள் ஒவ்வொரு தடுப்பாகத் தொட்டுக்கொண்டே போய்ச் சரியான இடத்தில் நின்று, அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

அவர் பையைப் பலகைக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, எதிரே இருந்தவர்களை விசாரித்து, இன்னொரு தரம் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வண்டி ஊதியது. அவர் ரயிலில் ஏறுவது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திடுக்கிட்டுத் திரும்பியவருக்கு எந்தப் பக்கம் கதவு என்று தெரியவில்லை. ஒரு பக்கம் ஓடினார், ஆட்கள் மறித்தார்கள். மறு பக்கம் ஓடினார். முகம் வெளுத்துவிட்டது. நான் ஜன்னல் வழியாகக் கத்தியது அவர் காதில் விழவில்லை.

அவள் எழுந்தாள். கையை நீட்டித் துழாவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாப்பா" என்று கூட்டத்துக்குள் அவரை இழுத்துக்கொண்டு, தடுப்பு தடுப்பாகத் தொட்டுக்கொண்டு, கழிப்பறையைத் தாண்டி நேராகக் கதவுக்கு வந்தாள். "கம்பிய புடிச்சிக்கோ. திரும்பி நின்னு கால வை, கீழ படி இருக்குது" என்றாள். அவர் இறங்கி நிற்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. உள்ளே திரும்பிப் போனவளை யாரும் கைப்பிடித்து அழைத்துப் போகவில்லை.

வண்டி போனபிறகும் அவர் அவள் பிடித்திருந்த மணிக்கட்டை மறு கையால் பிடித்தபடியே நின்றார்.

"போலாங்களா?" என்றேன்.

"என்னை எறக்கி வுட்டுட்டுப் போய்டுச்சுங்க" என்றார்.